கொடிமலையில் இரவு நடை: பல்லி, ஓணான், பாம்பு தேடிப் பார்ப்பது எப்படி

என்னோடு இரவில் பினாங்குக் கொடிமலைக்கு வர ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதைத்தான். ஜீப் ரோட்டில் தினமும் ஏறி இறங்கிப் பழகியவர்கள் மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர் என்பார்கள். எங்கள் கணக்கு 300 மீட்டர். மழை விட்ட இரவென்றால் அதுகூடப் போகாது. ஒரே கால்வாய்ச் சுவரின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றுவிடுவோம். பல்லியும் பாம்பும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கால் வேகம் குறைய வேண்டும். இதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் யாரும் வெறுங்கண்ணோடு திரும்பிப் போனதில்லை.

நான் மலையடிவாரத்தில் ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் 24 வருடம் உதவியாளராக இருந்தேன். அப்பா தண்ணீர்மலைப் பூங்காவில் புல் வெட்டுவதும் கால்வாய் தூர்வாருவதுமாக ஓய்வு பெறும்வரை இருந்தவர். 1884இல் தொடங்கிய பூங்கா அது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனால், அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் என்னைக் கால்வாய் ஓரமாகக் கூட்டிப்போவார். உடும்பு எந்தக் கல்லில் வெயில் காயும், எந்தச் சுவர்ப் பொந்தில் பல்லி முட்டை ஒட்டியிருக்கும் என்று காட்டுவார். தொடவிடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்றும் எனக்கு இருக்கிறது. என்னோடு வருகிற பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

தம்பி மகன் இந்தியாவில் விலங்கியல் படித்தபோது, அவன் வகுப்பு ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத்துக்குக் களப்பயணம் போனது. அவனைப் பார்க்கப் போயிருந்த நான், ஆசிரியரிடம் கேட்டு இரண்டு நாள் கூடவே போனேன். அங்கே தேடும் முறையே வேறு. விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் மணல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். இரவெல்லாம் நடந்தது அப்படியே மணலில் இருக்கும். சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்து போன இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாத சாய்ந்த கோடுகள் வரிசையாகப் படிந்திருக்கும். மணலுக்குள்ளேயே நீந்திப் போகும் ஒரு சின்ன அரணை உண்டு. அது போன வழி, விரலால் நெளிநெளியாகக் கீறியது மாதிரி மேலே தெரியும். முள்வால் ஓணான் இரவில் தன் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகுதான் தலையை வெளியே நீட்டும். அதனால் வளை அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். காத்திருந்தால் போதும்.

ஊருக்குத் திரும்பி வந்து முதல் வாரமே தம்பி மகன் கேட்டான், "அத்தை, நம்ம மலையில தடம் எங்கே தேடுறது?" நல்ல கேள்வி. நம் காட்டுத் தரை முழுக்கச் சருகு. அதில் எந்தத் தடமும் நிற்காது, நின்றாலும் சாயங்கால மழையில் போய்விடும். பாலைவனத்தில் மணல் செய்கிற வேலையை இங்கே டார்ச் வெளிச்சம் செய்கிறது. கண்ணின் மினுக்கம், இலை நுனியில் வெளிறிய வயிறு, பாறையில் ஒரு வரிக்கோடு, இவைதான் நமக்குத் தடம். இவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கே போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலைப் பூங்கா இரவில் மூடிவிடும், மதில் தாண்டிப் போக நினைக்காதீர்கள். வனத்துறை நிலத்துக்குள் போகிற காட்டுப் பாதைகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவில் நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே போவதென்றால் பகலில் போங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொடிமலை உச்சிதான். மலை ரயிலில் ஏறி, மேலே இறங்கி, மேற்கு மலைப் பக்கம் போகும் தார் ரோட்டில் நடந்தால் போதும். ரோட்டின் ஒரு பக்கம் கருங்கல், மறு பக்கம் பெரணியும் மரமும். கால் வழுக்காது, வழி தவறாது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு, கைப்பேசியில் அதற்கு அரை மணி முன்னால் மணி அடிக்கும்படி வைத்துவிடுங்கள். உச்சியில் ஊரைவிடக் குளிர் அதிகம், ஒரு மெல்லிய மேலங்கி இருக்கட்டும். இந்த மலையும் பூங்காவும் தேசியப் பூங்காவும் சேர்ந்த பகுதியை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நம் வீட்டுக் கொல்லையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே எத்தனை பேர் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு மட்டும் இறங்கி வருகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மலைக்குப் போவதற்கு முன்னால் இன்னொன்று செய்யுங்கள். ஒரு பகலில் பாயான் லெப்பாஸ் பக்கம் சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலுக்குப் போய், மரக்கிளையில் கிடக்கும் குழிவிரியன்களைத் தள்ளி நின்று அரை மணி நேரம் பாருங்கள். பயத்துக்காக இல்லை, கண் பழகுவதற்காக. பாம்பு என்றால் ஊர்ந்து போவது என்ற படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் பெரும்பாலான நேரம் அது அசையாமல் கிடக்கிறது. பச்சை இலைக்கு நடுவில் பச்சைச் சுருள் எப்படி மறைந்துபோகிறது, தலை எப்படி முக்கோணமாகக் கிளையில் படிந்திருக்கிறது, இதையெல்லாம் அங்கே நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். குட்டியும் ஆணும் மெலிந்து, பச்சை உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டிருக்கும். வளர்ந்த பெண் பாம்பு தடித்து, கறுப்பில் மஞ்சள் பட்டை போட்டிருக்கும். பக்கத்து பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கஷ்டம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். நீளக் கால்சட்டை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், குடிக்கத் தண்ணீர், கொசு மருந்து. மழைக்குப் பின் அட்டை ஏறும், உள்ளே நீளக் காலுறை போட்டுக் கால்சட்டையை அதற்குள் செருகிவிடுங்கள். பாம்பு பிடிக்கும் கொக்கியும் இடுக்கியும் தேவையே இல்லை. கையில் கொக்கி இருந்தால் மனசு பிடிக்கத்தான் சொல்லும். டார்ச் மட்டும் ஆளுக்கு இரண்டு. ஒன்று நெற்றியில், ஒன்று கையில், மாற்று பேட்டரி பையில். கண்ணைக் கூசவைக்கும் பெரிய விளக்கு வேண்டாம். ஈரக் காற்றில் அந்த வெளிச்சம் மூடுபனி மாதிரி திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும்.

டார்ச்சை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது. இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றுமே தெரியாது. கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உயிரினத்தின் கண்ணில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. உங்கள் கண்ணும் அந்த வழியில் இருந்தால்தான் மினுக்கம் தெரியும். அப்புறம் வெளிச்சத்தை ஆட்டாதீர்கள். அடுப்படிச் சுவரைத் துணியால் துடைக்கிற மாதிரி, இடமிருந்து வலம் மெதுவாக ஒரு வரி, கொஞ்சம் மேலே ஏற்றி வலமிருந்து இடம் இன்னொரு வரி. தரையிலிருந்து தொடங்கி தலைக்கு மேல் ஓர் ஆள் உயரம் வரை. அதன்பின் நாலு அடி முன்னால் வைத்து மறுபடி முதலிலிருந்து.

முதல் இரவில் எல்லோரும் கூப்பிடுவது சிலந்திக்குத்தான். தரையில், புல்லில், வைரப்பொடி தூவியது போல வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று ஒற்றைப் புள்ளி மின்னினால் அது சிலந்தி. பல்லியின் கண் செம்மஞ்சளாக, கங்கு மாதிரி மங்கலாகத் தெரியும், பெரும்பாலும் பாறையிலோ மரத்தண்டிலோ. மரத்தின் மேலே பெரிய இரட்டைக் கண் தெரிந்தால் புனுகுப்பூனையோ தேவாங்கோ பறக்கும் லெமூரோ. வெளிச்சத்தை உடனே கீழே இறக்கிவிடுங்கள், அவற்றுக்குக் கண் கூசும். பாம்பின் கண்ணை நம்பித் தேடாதீர்கள், அது அப்படி மின்னாது. பாம்பை அதன் உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காட்டில் எல்லாக் கொடியும் எங்கேயாவது கிளை விடும், இலை விடும், முறுக்கிக்கொள்ளும். கிளையும் இல்லாமல் இலையும் இல்லாமல் ஒரே சீராக, நடுவில் கொஞ்சம் தடித்து நுனியில் மெலிகிற கொடி ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

தூங்குகிற ஓணான்தான் புதியவர்களுக்கு மிகச் சுலபம். பகலில் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடுகிற அதே பிராணி, இரவில் மெல்லிய குச்சியின் நுனியிலோ நீண்ட இலையின் மேலோ படுத்துத் தூங்கும். நுனியில் படுப்பதற்குக் காரணம் உண்டு. பாம்பு ஏறி வந்தால் குச்சி ஆடும், ஆட்டத்தில் விழித்துக் கீழே விழுந்து தப்பிவிடும். அதனால்தான் கிளையைத் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம் தோள் பட்டாலும் அதற்குப் பாம்பு வந்த மாதிரிதான். இருட்டில் விழுந்த ஓணானுக்கு அன்று இரவு வேறு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மேற்கு மலைப் பாதையில் ஒரு பெரணி இலையில் நான் பார்த்த பச்சை ஓணானைச் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் சும்பா சும்பா என்பார்கள். தலைக்குப் பின்னால் சின்ன முகடு, உடம்பைப்போல் மூன்று மடங்கு நீள வால். தலை மேல்பக்கம், வால் இலையின் தண்டோடு சேர்ந்து தொங்குகிறது. டார்ச் வெளிச்சத்தில் பச்சை நிறம் வெளுத்து, பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை மாதிரி இருந்தது. கண் இமை மூடியிருந்தது. இமையின் ஓரத்தில் மணி மணியாகச் செதில். மூச்சு விடும்போது விலாப்பக்கம் மட்டும் லேசாக உள்ளே போய் வெளியே வந்தது, நான் எண்ணியதில் இரண்டு மூச்சுக்கு நடுவில் ஏழு எட்டு நொடி ஆனது. முன்கால் ஒன்று இலையை விட்டுக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டிலில் தூங்குகிற குழந்தையின் கை வெளியே நீண்டிருக்குமே அது மாதிரி. ஐந்து பேர் இருந்தோம், ஒருவரும் பேசவில்லை. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை விலக்கிவிட்டோம். படம் எடுப்பவர்களுக்கும் அதுதான் அளவு. தூங்குவதை எழுப்பாமல் ஒன்றிரண்டு, அவ்வளவுதான்.

சரி, பாறைக்கு வருவோம். கொடிமலை முழுக்கக் கருங்கல். பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற இடத்தில், அடியில் இருட்டும் ஈரமுமாக இடுக்கு இருக்கும். அங்கே இருக்கிற ஒரு பல்லிக்காகத்தான் நான் இத்தனை வருடமாக இந்த மலைக்குப் போகிறேன் என்று சொன்னால் மிகையில்லை. வீட்டுப் பல்லி மாதிரி ஒட்டுகிற பாதம் அதற்குக் கிடையாது. விரல் வளைந்து, நகத்தால் பாறையைப் பற்றிக்கொள்ளும். வளைவிரல் பல்லி என்று நான் சொல்வது அதனால்தான். வெளிர் பழுப்பு உடம்பில் அகலமாகக் கரும்பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் ஓரம் அடித்தது போல மெல்லிய வெளிர்க்கோடு. வால் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருக்கும். விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1827இல் இதற்குச் சிர்ட்டோடாக்டிலஸ் புல்செல்லஸ் என்று பெயர் வைத்தார். புல்செல்லஸ் என்றால் லத்தீனில் அழகான சின்னது என்று பொருள். வெகு காலம் மலாய் தீபகற்பத்தின் பல மலைகளில் இருப்பதும் இதே பல்லி என்றுதான் நினைத்தார்கள். 2012இல் ஊர்வன ஆய்வாளர் லீ கிரிஸ்மரும் அவரோடு வேலை செய்தவர்களும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, மற்ற மலைகளில் இருப்பவை தனித்தனி இனங்கள் என்று காட்டினார்கள். புல்செல்லஸ் என்ற பெயர் பினாங்குத் தீவுப் பல்லிக்கு நின்றது. நம் தீவுக்கே உரிய பல்லி. ஆயர் ஈத்தாம் கடைத்தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அந்த மலையில்தான் அது இருக்கிறது.

அதைப் பார்க்க, பாறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு இடுக்கின் வாயைப் பாருங்கள். எட்டரைக்கு மேல் உடம்பில் பாதியை வெளியே நீட்டிக்கொண்டு தலைகீழாக நிற்கும். வெளிச்சத்தை நேராக அதன்மேல் போடாமல் பக்கத்துப் பாறையில் போட்டால், சிதறி வருகிற ஒளியிலேயே நன்றாகத் தெரியும், அதுவும் பயந்து உள்ளே போகாது. நேராக அடித்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கிவிடும். இடுக்குக்குள் கையையோ குச்சியையோ விடவே கூடாது. பல்லிக்கும் நல்லதில்லை, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது.

கை விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பத்து வருடத்துக்கு முன்னால், மழை நின்ற ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஏற்றத்தில் கால் வழுக்கியது. பக்கத்தில் இருந்த இளமரத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன். பின்னால் வந்த அக்கா மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் முழங்கால் சிராய்த்து உட்கார்ந்தேன். என் கை போயிருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, சின்னக் கிளை பிரிகிற கவட்டில், பச்சைக் குழிவிரியன் ஒன்று சுருண்டிருந்தது. அது அசையவே இல்லை. நாக்கைக்கூட நீட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். எதையாவது பிடிக்க வேண்டுமென்றால், முதலில் டார்ச், பிறகு கண், அதற்குப் பிறகுதான் கை. வழுக்கினால் விழுந்துவிடுங்கள். முழங்கால் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

அந்தக் குழிவிரியனை மறுநாள் போய்ப் பார்த்தேன். அதே கவட்டில் இருந்தது. இரை வரட்டும் என்று காத்திருக்கிற பாம்பு இப்படி நாள்கணக்கில் ஓரிடத்திலேயே இருக்கும். ஒரு தடவை பார்த்த இடத்தை மறக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னும் சில பாம்புகளை இங்கே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்கொத்திப் பாம்பு என்று நாம் சொல்கிற பச்சைக் கொடிப் பாம்பு இரவில் இலைகளின் மேல் மடித்துப் போட்ட கயிறு மாதிரி தூங்கும். கண்ணைக் கொத்தும் என்பதெல்லாம் பழைய பயம். முகத்தை நேராகப் பார்க்கிற அதன் கண்ணில் பாவை படுக்கைவாட்டில் சாவித்துளை மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. தரையில் கவனிக்க வேண்டியது மலாயா குழிவிரியன். மலாயில் ஊலார் காப்பாக் போடோ. வடக்கு மாநிலங்களில் பால்மரக் (ரப்பர்) காடுகளிலும் தோட்ட ஓரங்களிலும் இருப்பது. உடம்பில் முக்கோணம் முக்கோணமாகப் பழுப்புத் திட்டு, சருகுக்கு நடுவில் சருகாகவே கிடக்கும். ஆள் வந்தாலும் நகராது, மிதித்தால் கடிக்கும். பால் வெட்டப் போன எத்தனையோ பேர் விடியற்காலை இருட்டில் இதனிடம் கடிபட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் பூட்ஸ். தலையும் வாலும் சிவந்து, முதுகு கருநீலமாக ஒரு மெல்லிய பாம்பைப் பார்த்தால் அது நீலப் பவளப்பாம்பு. பார்க்கப் பார்க்கத் தீராத நிறம், கடும் விஷம். துப்பும் நாகம் தாமான் (குடியிருப்பு) ஓரங்களிலேயே உண்டு, படமெடுத்தால் பின்னால் வந்துவிடுங்கள், கண்ணில் விஷம் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடி பட்டால் என்ன செய்வது என்பதை மலை ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாங்கள் ரயில் நிலையத்திலேயே சொல்லிப் பார்ப்போம். பாம்பை விட்டுத் தள்ளி வரவும். உட்காரவைத்து, மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றவும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு தளர்வாகச் சேர்த்து அசையாமல் வைக்கவும். 999க்கு அழைக்கவும், மணியைக் குறித்துக்கொள்ளவும். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. பச்சிலை, கோழி முட்டை, மந்திரம் என்று யார் சொன்னாலும் அங்கே நேரத்தைப் போக்கக் கூடாது. தூரத்திலிருந்து பாம்பைப் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், அதற்காகப் பாம்பைத் துரத்திப் போகக் கூடாது, அடிக்கவும் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. எந்தப் பாம்பு என்று தெரிந்தால் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு உதவும், தெரியாவிட்டாலும் அறிகுறியை வைத்துப் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் குழுவில் யாரையும் பாம்பு கடித்ததில்லை. கணுக்கால் பிசகியவர்கள் மூன்று பேர்.

கல்லையும் கட்டையையும் புரட்டுவது பற்றி இரண்டு வார்த்தை. நான் புரட்டுவதில்லை. பாலைவனத்தில் அந்த ஆசிரியர் ஒரே ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார், தன் பக்கமாகச் சாய்த்து, அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் ஓட வழி விட்டு, பிறகு முன்பிருந்த அதே அச்சில் சரியாக வைத்தார். மாணவர்கள் எல்லோரும் கல் பதிந்திருந்த பள்ளத்தை முதலில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், திருப்பி வைக்கும்போது ஒத்துப் பார்க்க. நம் ஊரில் ஈரம் குடித்த ஒரு கட்டைக்கு அடியில் எத்தனை குடித்தனம் இருக்கிறது என்று நினைத்தால் புரட்ட மனம் வராது. பாம்புச் சட்டை கிடந்தால் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். காலுறையைக் கழற்றுகிற மாதிரி உட்புறம் வெளியாகத்தான் பாம்பு சட்டையை உரிக்கும், ஆகவே வால் நுனி காட்டுகிற பக்கம் அது போயிருக்கிறது. சட்டை இழுபட்டு நீண்டிருக்கும், அதை அளந்து பாம்பின் நீளம் என்று எண்ணிவிடாதீர்கள்.

காதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள். தோக்கே பல்லி முதலில் கரகரவென்று ஒரு சின்ன உருட்டல் போட்டுவிட்டு, தொக்-கே, தொக்-கே என்று ஐந்தாறு தடவை கூப்பிடும். போகப் போகச் சத்தம் இழுத்துக்கொண்டே போய் முனகலில் முடியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லைன் வீட்டுக் கூரையில் ஒன்று இருந்தது, அது கூப்பிடும் எண்ணிக்கையை வைத்து அம்மா மழை வருமா என்று சொல்வார். 2010, 2011 வாக்கில் இந்தப் பல்லி எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு பொய் கிளம்பியது. பெரிய பல்லிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுப்பார்கள் என்று பேச்சு. ஊர் ஊராக டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தச் சமயத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு பழைய பாலத்துக்கு அடியில் மூன்று தோக்கே இருந்ததை, இடம் சொல்லி, படத்தோடு தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். படம் கை மாறியது. பத்து நாள் கழித்துப் போனபோது பாலத்தின் செங்கல் பெயர்ந்து கிடந்தது, பல்லி ஒன்றுகூட இல்லை. 2019இல் தோக்கேயைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் நடவடிக்கை எடுக்கும். ஆனால் அந்தப் பாலத்துக்கு அடியில் இன்றுவரை சத்தம் இல்லை.

ஆகவே படம் போடுங்கள், இடம் போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி செயலிகளில் பதிவு செய்வது ஆய்வாளர்களுக்கு ரொம்ப உதவும், அங்கே இடத்தை மறைத்துப் பதிய ஒரு தெரிவு இருக்கிறது, அதை அழுத்த மறக்காதீர்கள். கைப்பேசியில் படத்தோடு இடக்குறிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். குழுக்களுக்கு அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள். வளைவிரல் பல்லி இருக்கும் பாறையை நான் யாருக்கும் சொல்வதில்லை, கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்டுவேன்.

தடம் பார்க்க ஆசையாக இருந்தால் தீவில் ஓரிடம் இருக்கிறது. தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. காலையில் முதல் ஆளாகப் போனால் மணலில் உடும்பு போன வழி தெளிவாக இருக்கும். இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால், நடுவில் வால் இழுத்த நெளிகோடு. அங்கே ஆமை முட்டையிட ஏறி வரும். இரண்டு துடுப்பையும் ஒன்றாகப் போட்டு ஏறியிருந்தால் இரு பக்கமும் ஒத்த தடம், அது பச்சை ஆமை. மாறி மாறிப் போட்டிருந்தால் ஒலிவ் ரிட்லி. அங்கே மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது, அவர்களிடம் கேட்டால் விளக்குவார்கள். தடத்தின் மேல் நடந்து அழித்துவிடாதீர்கள், அவர்கள் அதை வைத்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

எந்த மாதம் போகலாம் என்று கேட்பார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், அப்போதுதான் எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் பெய்து ஏழு மணிக்கு விட்ட மழை என்றால் அன்று விடவே மாட்டேன். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சருகு மொறுமொறுவென்று இருக்கும், நம் காலடிச் சத்தத்திலேயே எல்லாம் ஒளிந்துகொள்ளும். முழுநிலவு இரவுகளில் என் நோட்டில் வரிகள் குறைவு.

நோட்டு என்றேன் அல்லவா, அது கட்டாயம். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டே போதும். தேதி, மணி, மழை நின்று எத்தனை நேரம், எந்த உயரத்தில் பார்த்தோம், எதன்மேல், தூங்கியதா விழித்திருந்ததா, நம்மைக் கண்டு என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் பெயர் எழுத வேண்டாம், வடிவத்தை வரைந்து வையுங்கள், பெயர் பின்னால் கிடைக்கும். அன்று இரவே எழுதிவிட வேண்டும். காலையில் எழுதினால் உயரமெல்லாம் மாறிப்போகும். நாங்கள் இறங்கி வந்ததும் ஆயர் ஈத்தாமில் ஒரு கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறுவதற்குள் ஆளுக்கொன்று எழுதி முடித்துவிடுவோம்.

முழங்கால் சிராய்த்த அந்த வாரத்துப் பக்கம் இப்படி இருக்கிறது. வெள்ளி: இளமரத்தின் கவடு, தரையிலிருந்து என் தோள் உயரம், தலை ரோட்டைப் பார்த்து. சனி: அதே கவடு, தலை ரோட்டைப் பார்த்து. ஞாயிறு: அதே இடம், பகலில் மழை பெய்திருக்கிறது, செதிலில் துளி நிற்கிறது. திங்கள்: அதே இடம், தலை இப்போது மலைப் பக்கம், நடு உடம்பு தடித்திருக்கிறது, ஏதோ விழுங்கியிருக்கிறது. செவ்வாய்: கவடு காலி. கீழே, மேலே, பக்கத்து மரங்களில் ஒரு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை.